இடப்பக்கம் எழுபது பாகை

ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள்.
கண்ணிலும் ஒன்றுமில்லை. பிரஷரும் சரி.
ஒன்றுமில்லாத அந்தத் தலையிடி
பின்னேரம் மூன்று மணிக்குப் பிடரியால் ஏறி
காதைச் சுற்றி வந்து
நெற்றியில் குந்தும்.
கோடு கலைந்து, பஸ் பிடித்து
கொக்குவில் இறங்குமட்டும் எழும்பாது.

போதனா வைத்தியசாலை, இயன் மருத்துவப் பகுதி.
சுவரில் எலும்புக்கூட்டின் படம்,
யாரோ அதற்குப் பேனையால் மீசை வைத்திருந்தார்கள்.
மரியகொறற்ரி என் தலையை
இரண்டு கையிலும் ஏந்தினாள்,
திருநெல்வேலிச் சந்தையில்
வத்தகப்பழத்தின் பாரம் பார்க்கிற மாதிரி.

"விடுங்கோ."
விட்டுத்தான் இருக்கிறேன் என்றேன்.
"இல்லையக்கா. நீங்கள்தான் இன்னும் பிடிச்சிருக்கிறியள்.
என்ர கையில ஒண்டும் வரேல்லை."

பிறகு ஒரு பிளாஸ்ரிக் கோணமானி.
இடப்பக்கம் எழுபது பாகை.
வலப்பக்கம் நாற்பத்தைந்து,
அதற்கு மேல் கழுத்து மறுத்துவிட்டது.
"என்ன வேலை செய்யிறியள்?"

கோட்டில் முதலியார்.
பெண்ணென்றாலும் முதலியார்தான், பதவிக்கு அதுதான் பெயர்.
சிங்களத்தைத் தமிழாக்குவேன்,
தமிழை மற்றப் பக்கம் அனுப்புவேன்.
சாட்சிக்கூடு எனக்கு இடப்பக்கம்.
வலப்பக்கம் சுவரும் ஒரு கலண்டரும்.
பதினேழு வருசம்.

சொல்லாமல் விட்டது இது:
யார் கதைத்தாலும் நான் "நான்" என்றுதான் சொல்லவேண்டும்.
நான் மணல் ஏற்றவில்லை.
நான்தான் டிராக்டரை மறித்தேன்.
நான் குடித்திருந்தேன், ஆனால் அடிக்கவில்லை.
என்ர மகனை ஏற்றின வாகனத்தை நான் கண்டனான்.
அந்தத் தாயைவிட உரத்தும் சொல்லக்கூடாது,
மெதுவாகவும் சொல்லக்கூடாது.

மரியகொறற்ரி கேட்டதோ கதிரையின் உயரம்.

மண்டையோடு முடிகிற விளிம்பில்
விரல்நுனிகளைக் கொடுத்து
சும்மா இருந்தாள். அமத்தவில்லை, உருட்டவில்லை.
மேலே ஃபான் இழுத்து இழுத்துச் சுற்றியது.
திரைக்கு அங்கால் ஒருவர்
"ஐயோ பிள்ளை, என்ர நாரி" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து
தலை தன் முழுப் பாரத்தோடும்
அவள் கைக்குள் போனது.
"அஞ்சு கிலோ வரும்" என்றாள்.
இவ்வளவு நாளும் அதை
காதடியில் தூக்கிவைத்திருந்த தோள்களை
முதல்தரம் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் தந்த வேலை:
நாடியை உள்ளே இழுத்துப் பத்து எண்ணவேண்டும்.
பழைய மேசுக்குள் இரண்டு டெனிஸ் பந்து போட்டு
அதன்மேல் பிடரியை வைத்துப் படுக்கவேண்டும்.
வாய் மூடியிருந்தாலும் பல்லோடு பல் முட்டக்கூடாது.

பந்தைக் கஸ்தூரியார் வீதியில் வாங்கினேன்.
"மகன் விளையாடுறவரோ?" என்றார் கடைக்காரர்.
ஓம் என்றேன்.

முதல் கிழமை தலையிடி கூடிவிட்டது.
மரியகொறற்ரியை மனதுக்குள் திட்டி
இரண்டு பனடோல் போட்டேன்.
மூன்றாம் கிழமை, மேசையை மாற்றித் தரமுடியுமா என்று
முதலாம் கிளார்க் சபாநடேசனைக் கேட்டேன்.
"அது கட்டடம் கட்டின நாளில இருந்து அங்கதான்" என்றார்.
நான் கதிரையை மட்டும் திருப்பினேன்.
கலண்டர் தெரிந்தது.
அதில் இன்னும் போன வருசத்து மாசி மாதம்.

வியாழக்கிழமைகளில் இப்பவும் வரும்.
ஏறுகிற வழி தெரியும்,
பிடரியிலேயே பெருவிரலை வைத்து
கொஞ்சநேரம் மறித்துப் பார்ப்பேன்.
சிலவேளை நிற்கும்.

நேற்று,
குருநாகலில் இருந்து வந்த பொலிஸ்காரர்
மூச்சுவிடாமல் நீளமாக ஏதோ சொல்லி முடித்தார்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
என் பற்கள் ஒன்றையொன்று கடித்தபடி இருந்தன.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் "முதலியார்?" என்றார்.
"ஒரு நிமிசம், ஐயா" என்றேன்.
தோளை இறக்கினேன்.

பதினேழு வருசத்தில் அந்த அறையில்
எனக்காக நான் சொன்ன வசனம் வேறு இருந்ததாக ஞாபகமில்லை.
சுருக்கெழுத்தர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்,
இதையும் பதிவதா விடுவதா என்று தெரியாமல்.